ஊதா மூடிக் குழாயில் ஹீமோகுளோபின் பார்க்கலாம், இரும்பு பார்க்கக் கூடாது: ஏன்?

அஸ்தம்பட்டி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவன். சென்ற மாதம் என் மகளின் இரத்தப் பரிசோதனைக்காக ஓர் ஆய்வகத்துக்குச் சென்றிருந்தபோது, ஒரே ஊசியில் எடுத்த இரத்தத்தை ஊதா மூடிக் குழாய் ஒன்றிலும் சிவப்பு மூடிக் குழாய் ஒன்றிலும் பிடித்தார்கள். ஹீமோகுளோபினை ஊதாக் குழாயிலிருந்தும், சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) இரும்பைச் சிவப்புக் குழாயிலிருந்தும் பார்ப்பார்கள் என்றும், இரும்புக்கு ஊதாக் குழாயைத் தப்பித் தவறியும் எடுக்கக் கூடாது என்றும் அங்கிருந்த பெண் சொன்னார்.

ஊதாக் குழாயில் இருப்பது ஈடிடிஏ, அதாவது உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை மாணவர்களுக்கு அளந்து காட்ட நான் ஆண்டுதோறும் கையாளும் அதே பொருள். கால்சியத்துடன் அது உண்டாக்கும் அணைவின் நிலைப்புத்தன்மை மாறிலிக்கு மடக்கை மதிப்பு 10.7, ஃபெரஸ் (2+ இரும்பு) அயனிக்கு 14.3, ஃபெரிக் (3+ இரும்பு) அயனிக்கோ 25.1; மதிப்பு கூடக் கூடப் பிடி வலுவானது. அப்படியானால் ஊதாக் குழாயில் விழுந்தவுடனேயே ஹீமோகுளோபினின் இரும்பு பிடுங்கப்பட்டிருக்க வேண்டாமா? ஹீமோகுளோபினுக்கு ஒரு கேடும் வராமல், சீரம் இரும்புக்கு மட்டும் கேடு வருவது எப்படி?

இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் என்னிடம் நிலுவையில் உள்ளது. ஏற்காட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தபோது, பாக்சைட் வெட்டியெடுத்த மேட்டின் செம்மண்ணைக் காட்டி, இதில் அலுமினியமும் இரும்பும் கலந்திருக்கின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, இரண்டும் 3+ அயனிகள்தானே? இரும்பு உட்கார வேண்டிய புரதத்தில் அலுமினியம் ஏன் உட்கார்ந்துவிடுவதில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. பாடநூலில் ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் வளையத்தின் படம் இருக்கிறதே தவிர, இதற்கு விடை இல்லை.

ஐந்து ரோடு ஆய்வகப் பணியாளர்

ஐயா, வணக்கம். இதே ஊரில் மருத்துவ ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்குச் செய்முறைப் பக்கத்திலிருந்து விடை சொல்கிறேன். வேதியியல் பக்கத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

நாங்கள் "ஹீமோகுளோபின்" என்று அளப்பதும் "சீரம் இரும்பு" என்று அளப்பதும் வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரும்பு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஹீமோகுளோபினுக்குள் ஏறக்குறைய 2.5 கிராம் இரும்பு இருக்கும்; சீரத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேல் ஏறிப் பயணிக்கும் இரும்போ, மொத்தமாகச் சேர்த்தாலும் 3 அல்லது 4 மில்லிகிராம்தான். ஹீமோகுளோபினை அளக்கும்போது நாங்கள் இரும்பை வெளியே எடுப்பதே இல்லை. சிவப்பணுக்களை உடைத்து, ஹீமோகுளோபினின் நிறத்தை அளக்கிறோம். பழைய சயன்மெத்ஹீமோகுளோபின் முறையில் இரும்பு ஃபெரஸ் நிலையிலிருந்து ஃபெரிக் நிலைக்கு மாறும், அதன் மேல் சயனைடு வந்து ஒட்டும். ஆனால் இரும்பு வளையத்தை விட்டு அசையாது. 540 நானோமீட்டரில் அளவு எடுத்துவிடுவோம்.

சீரம் இரும்புக்கு நடப்பது வேறு. முதலில் அமிலம் சேர்த்து டிரான்ஸ்ஃபெரினிலிருந்து இரும்பை விடுவிக்கிறோம். பிறகு அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒன்றால் அதை ஃபெரஸாக ஒடுக்குகிறோம். கடைசியாக ஃபெரோசின் என்ற சாயத்தைச் சேர்த்தால் அது ஃபெரஸ் அயனியுடன் ஊதா நிற அணைவைத் தரும். அந்த நிறத்தை 562 நானோமீட்டரில் அளக்கிறோம். ஆகவே ஈடிடிஏ உள்ள குழாயில் கெடுவது டிரான்ஸ்ஃபெரின் கட்டத்தில் அன்று. நாங்களே இரும்பை விடுவித்த பிறகு, சாயத்துக்குப் போய்ச் சேர வேண்டியதை ஈடிடிஏ நடுவில் தட்டிக்கொண்டுவிடுகிறது. முடிவு பொய்யாகக் குறைந்து வரும், இல்லாத இரும்புக் குறைபாடு இருப்பதாகத் தோன்றும்.

சேலத்துக்காரர்கள் இரசிக்கக்கூடிய ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். டிரான்ஸ்ஃபெரின் மொத்தம் எவ்வளவு இரும்பைத் தாங்கும் என்று அளக்கும் பழைய முறையில், தேவைக்கு மேல் இரும்பை ஊற்றி எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிட்டு, இடம் கிடைக்காத மிச்ச இரும்பை மக்னீசியம் கார்பனேட் தூளால் உறிஞ்சி வடித்துவிடுவார்கள். நம் ஊர் வெள்ளைக்கல்லும் வேதியியல்படி மக்னீசியம் கார்பனேட்தான். ஆய்வகத் தூள் தனியாகத் தயாரிக்கப்படுவது என்றாலும், கருப்பூர் போகும் வழியில் அந்த வெள்ளை மேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும்.

நாகலூர்வாசி

சகோதரி சொன்ன செய்முறை விளக்கத்துக்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் புரதங்களைப் படிகமாக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் கொஞ்சம் காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆசிரியரின் கேள்வியில் ஒரு சிறு பிசகு இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிலைப்புத்தன்மை மாறிலி என்பது, போதிய காலம் கொடுத்தால் இரும்பு கடைசியில் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு விரைவில் போகும் என்பதை அது சொல்லாது. ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை விடை இந்த இரண்டாவதில் இருக்கிறது. ஈடிடிஏ ஆறு இடங்களில் பற்றும் நெகிழ்வான சங்கிலி. நெகிழ்வான ஈனி (உலோகத்தைப் பற்றும் மூலக்கூறு) ஒன்றிடமிருந்து உலோகத்தைப் பறிப்பது கயிற்றுக் கட்டை அவிழ்ப்பதைப் போன்றது: ஒரு முனை தளர்ந்தால் அந்த இடத்தில் புதியவர் கைவைக்கலாம், பிறகு அடுத்த முனை, அடுத்த முனை. ஹீமில் இரும்பைச் சூழ்ந்துள்ள போர்ஃபைரின் வளையம் அப்படிப்பட்டதன்று. அதன் நான்கு நைட்ரஜன்களும் விறைப்பான தட்டை வளையத்தில் நடுவை நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு நைட்ரஜன் மட்டும் மடங்கி விலகிக்கொள்ள வழியில்லை. நான்கு பிணைப்புகளும் ஏறக்குறைய ஒருசேரத் தளர வேண்டும், அது எளிதில் நடவாது. போதாததற்கு, அந்த வளையம் முழுவதும் குளோபின் புரதத்தின் நீர் புகாத பள்ளம் ஒன்றில் செருகப்பட்டிருக்கிறது. ஈடிடிஏ போன்ற மின்சுமையுள்ள மூலக்கூறு அதற்குள் நுழைய முடியாது.

நம் உடலே இந்த வளையத்திலிருந்து இரும்பைப் "பிடுங்குவதில்லை" என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி வளையத்தையே ஓரிடத்தில் அறுத்துத் திறக்கிறது; அப்போதுதான் இரும்பு வெளிவரும். அறுந்த வளையம் பச்சை நிற பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் நிற பிலிருபினாகவும் மாறும். அடிபட்டுக் கன்றிய இடம் சில நாள்களில் பச்சையாகி மஞ்சளாவது இதனால்தான். அறுக்கும்போது ஒரு கார்பன் அணு கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது என்பது கூடுதல் வேடிக்கை.

வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் போக, ஐந்தாவது பிணைப்பைப் புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று தருகிறது. ஆறாவது இடம் ஆக்சிஜனுக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது உயர் சுழற்சி நிலையிலுள்ள (இணை சேராத எலக்ட்ரான்கள் மிகுந்த) ஃபெரஸ் அயனி, வளையத்தின் தளத்துக்கு ஏறக்குறைய 0.4 ஆங்ஸ்ட்ராம் வெளியே, ஹிஸ்டிடின் பக்கமாக நிற்கிறது. ஆக்சிஜன் வந்து அமர்ந்ததும் அது தளத்துக்குள் இழுக்கப்படுகிறது, ஹிஸ்டிடினும் கூடவே நகர்கிறது. இந்தக் கடுகளவு நகர்வு எப்படிப் புரதத்தின் நான்கு துணை அலகுகளுக்கும் பரவி, அடுத்த ஆக்சிஜன் ஏறுவதை எளிதாக்குகிறது என்பதை மேக்ஸ் பெரூட்ஸ் 1970இல் விளக்கினார். ஹீமோகுளோபினின் கட்டமைப்புக்காக அவருக்கு 1962இலேயே நோபல் பரிசு கிடைத்திருந்தது. இதில் புரதத்தின் பங்கு வெறும் உறை என்று எண்ணிவிடக் கூடாது. புரதம் இல்லாத ஹீமை நீரில் விட்டால், ஆக்சிஜன் அதனிடம் ஒட்டிப் பிரியாமல் அதை ஃபெரிக் நிலைக்குத் துருப்பிடிக்கச் செய்துவிடும். ஃபெரிக் ஆகிவிட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது.

இனி டிரான்ஸ்ஃபெரின். இங்கே வளையமே கிடையாது. புரதச் சங்கிலியே வளைந்து வந்து இரும்பைப் பற்றுகிறது: இரண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஒரு ஆஸ்பார்ட்டிக் அமிலம். சங்கிலியின் முதல் பாதியில் இவற்றின் இடங்களைப் பாருங்கள்: 63, 95, 188, 249. வரிசையில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு! சங்கிலி சரியாக மடிந்தால்தான் இந்த நால்வரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். இன்னும் இரண்டு பிணைப்புகள் மீதமிருக்கின்றன. அவற்றைத் தருவது புரதமே அன்று, வெளியிலிருந்து வரும் கார்பனேட் அயனி. கார்பனேட் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபெரின் இரும்பை உறுதியாகப் பற்றாது. ஆறும் கூடியதும் அந்தப் பாதியின் இரு பிரிவுகளும் சிப்பி மூடுவதுபோல் மூடிக்கொள்கின்றன. பிணைப்பு மாறிலி ஏறத்தாழ 10இன் 20ஆம் அடுக்கு.

இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததை எப்படி விடுவது? செல்லுக்குள் போனதும் டிரான்ஸ்ஃபெரின் அமிலத்தன்மை கொண்ட ஒரு பைக்குள் தள்ளப்படுகிறது. அங்கே பிஹெச் ஏறக்குறைய 5.5. கார்பனேட்டும் டைரோசின்களும் புரோட்டானை ஏற்றுப் பிடியைத் தளர்த்துகின்றன, சிப்பி திறக்கிறது. ஆய்வகத்தில் சகோதரி அமிலம் ஊற்றிச் செய்வதைச் செல் இவ்வாறு செய்துகொள்கிறது. அதற்கடுத்து ஃபெரிக்கை ஃபெரஸாக ஒடுக்கும் வேலையையும் ஒரு நொதி செய்கிறது. இரண்டு முறையும் ஒரே வரிசைதான்.

அலுமினியத்தைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான விடை: அது உட்காரத்தான் செய்கிறது! டிரான்ஸ்ஃபெரின் இருக்கைகளில் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இரும்பால் நிரம்பியிருக்கும், மற்றவை காலி. இரத்தத்தில் நுழைந்துவிட்ட அலுமினியத்தின் பெரும்பகுதி அந்தக் காலி இடங்களில்தான் ஏறிக்கொள்ளும். நாம் தப்பிப்பதற்குக் காரணங்கள் வேறு. குடல் அலுமினியத்தை நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சுவதில்லை. அலுமினியம் அயனி சிறியது (0.535 ஆங்ஸ்ட்ராம், உயர் சுழற்சி ஃபெரிக் 0.645), ஆகவே இரும்பின் அளவுக்கு வெட்டிய இருக்கையில் அதன் பிடி பல கோடி மடங்கு பலவீனமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலுமினியத்துக்கு உடலில் 2+ நிலை கிடையாது. ஒடுக்கி அனுப்பும் அந்த அடுத்த வாசலில் அது நின்றுவிடும். 1970களில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட நீரிலிருந்த அலுமினியம் குடலைத் தாண்டி நேராக இரத்தத்தில் கலந்தபோது நோயாளிகளின் மூளையும் எலும்பும் பாதிக்கப்பட்டன. முதல் வாசல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

அஸ்தம்பட்டி ஆசிரியர்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. வேகம் வேறு, வலிமை வேறு என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருந்தும், இரத்தம் பிடித்த ஆய்வகக் குழாயைப் பார்த்தபோது எனக்கே அது தோன்றவில்லை.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. 1953இல் வெளிவந்த இர்விங்–வில்லியம்ஸ் வரிசைப்படி, 2+ அயனிகளில் மாங்கனீசைவிட இரும்பும், அதைவிட கோபால்ட்டும், நிக்கலும், எல்லாவற்றையும்விடச் செம்பும் வலுவான அணைவுகளைத் தருகின்றன. செம்புக்கு அடுத்துத் துத்தநாகம் சற்றுக் குறைகிறது. ஈனி எதுவானாலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. அப்படியானால் அலுமினியத்தை விடுங்கள். செம்பும் துத்தநாகமும் ஃபெரஸ் இரும்பின் இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே? புரதம் எப்படி இரும்பைத் தேர்ந்தெடுக்கிறது?

ஆத்தூர் ஆய்வு மாணவி

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியின் கடைசிச் சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. பல புரதங்கள் உலோகத்தைத் "தேர்ந்தெடுப்பதில்லை". மடியும் நேரத்தில், மடியும் இடத்தில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கின்றன. எதைக் கிடைக்கச் செய்வது என்பதைச் செல் முடிவு செய்கிறது.

நான் கண்ணால் பார்த்த எடுத்துக்காட்டு ருப்ரெடாக்சின். நான்கு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் ஓர் இரும்பு அயனியை நான்முகியாகச் சூழ்ந்திருக்கும் சின்னப் புரதம். இதன் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்து அதிக அளவில் தயாரிக்கச் சொன்னால், சிவப்பு நிறமுள்ள இரும்புப் புரதத்தோடு நிறமே இல்லாத துத்தநாகப் புரதமும் சேர்ந்தே வெளிவரும். இரண்டின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நான்கு கந்தகங்களும் துத்தநாகத்தை மறுக்கவில்லை. மறுக்கும் கருவியே அவற்றிடம் இல்லை.

ஹீமிலும் இது நடக்கிறது. வளையத்துக்குள் ஃபெரஸ் அயனியைச் செருகுவது ஃபெரோகிலேட்டேஸ் என்ற நொதி. உடலில் இரும்பு பற்றாமல் போகும்போது அதே நொதி துத்தநாகத்தைச் செருகிவிடும். இவ்வாறு உண்டாகும் துத்தநாகப் புரோட்டோபோர்ஃபைரின் சிவப்பணுவிலேயே தங்கிவிடுவதால், அதன் அளவு இரும்புக் குறைபாட்டுக்கும் ஈய நச்சுக்கும் அடையாளமாகப் பயன்படுகிறது. துத்தநாகம் வந்த வளையம் ஆக்சிஜனைச் சுமக்காது. ஆகவே இர்விங்–வில்லியம்ஸ் வரிசை உடலில் பொய்த்துவிடவில்லை. இரும்பு குறையும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறது.

செம்பை அடக்கி வைப்பதற்குச் செல் எடுத்துக்கொள்ளும் முயற்சி இன்னும் பெரியது. செம்பைக் கையோடு கை மாற்றிக் கொடுக்கும் துணைப் புரதங்கள் உண்டு. 1999இல் ஈஸ்ட் செல்லில் செய்த ஆய்வொன்றில், கட்டற்ற செம்பு அயனி ஒரு செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாது என்று கணக்கிட்டார்கள். வலியவனை வீதியிலேயே விடாததால்தான் இரும்பு போன்ற எளியவற்றுக்கு இருக்கை கிடைக்கிறது.

இரும்புப் புரதம் அன்று என்றாலும், இதை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டியது 2008இல் வந்த ஓர் ஆய்வு. ஒரு நீலப்பசும்பாசியில் மடிப்பும் ஈனிகளும் ஒத்த இரண்டு புரதங்கள் இருக்கின்றன; ஒன்றில் மாங்கனீசும் மற்றதில் செம்பும் அமர்ந்திருக்கும். சோதனைக் குழாயில் மாங்கனீசுப் புரதமும் செம்பையே விரும்புகிறது. ஆனால் செல்லில் அது செம்பு நடமாடாத உட்பகுதியில் மடிந்து, மாங்கனீசை உள்ளே பூட்டிக்கொண்ட பிறகே வெளியே அனுப்பப்படுகிறது. செம்புப் புரதமோ வெளியே போன பிறகு மடிகிறது.

நாகலூர்வாசி

தங்கை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். "இரும்பின் அளவுக்கு வெட்டிய இருக்கை" என்று நான் எழுதியது டிரான்ஸ்ஃபெரினுக்குப் பொருந்தும். எல்லாப் புரதத்துக்கும் பொதுவாக்கியிருந்தால் தவறாகியிருக்கும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 24 துணை அலகுகள் கூடிக் கட்டிய அந்தக் கோளத்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை சேமிக்கலாம். ஆனால் அவற்றில் மிகச் சிலவே புரதத்தோடு பிணைந்திருக்கும், மற்றவை உள்ளே ஃபெரிஹைட்ரைட் என்ற துருப் போன்ற கனிமமாகக் குவிந்து கிடக்கும். கஞ்சமலையில் மேக்னடைட், நம் கல்லீரலில் ஃபெரிஹைட்ரைட்! உள்ளே நுழையும் வழிகளில் ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்கள் வரிசையாக நின்று ஃபெரஸ் அயனிகளைக் கைமாற்றி அனுப்புகின்றன. அங்கே துத்தநாகமும் ஒட்டும். ஒட்டி, ஃபெரஸை ஃபெரிக்காக்கும் வேலையைத் தடுக்கும்.

ஆசிரியர் ஐயா, வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நாமக்கல் முட்டை ஒன்று போதும். முட்டை வெண்கருவின் புரதத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு ஓவோடிரான்ஸ்ஃபெரின். இரத்த டிரான்ஸ்ஃபெரினின் உடன்பிறப்பு. இரும்பு ஏறினால் இளஞ்சிவப்பாகும், செம்பு ஏறினால் மஞ்சளாகும், அலுமினியம் ஏறினால் நிறம் வராது. இரும்பை மிகக் குறைவாகச் சேர்க்க வேண்டும் என்பதே இதில் நுணுக்கம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு முட்டையின் வெண்கருவிலுள்ள இருக்கைகளை நிரப்ப அரை மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு போதும். உங்கள் பள்ளியில் இருக்கும் 0.1 நார்மல் மோர் உப்புக் (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) கரைசலில் அது வெறும் இரண்டு சொட்டு. வெண்கருவில் சம அளவு நீர் கலந்து வடிகட்டி, சொட்டுகளை விட்டு, காற்றுப் படும்படி மெல்லக் கலக்கி வையுங்கள். பிடியைத் தளர்த்தக் காட்ட வினிகர் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதிலுள்ள சிட்ரேட் தானே இரும்பைப் பற்றும், எது அமிலத்தின் வேலை, எது சிட்ரேட்டின் வேலை என்று தெரியாமல் போகும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்

வெள்ளிக்கிழமை செய்து பார்த்தோம். முதல் குவளையில் ஒரு மாணவர் ஆர்வத்தில் பத்துப் பன்னிரண்டு சொட்டு விட்டுவிட்டார். மங்கலான துருநிறக் கலங்கல்தான் வந்தது. இரண்டாவதில் இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொண்டோம். அரை மணி நேரத்தில் வெளிறிய கொய்யாப்பழத்தின் உட்புறம்போல் நிறம் வந்தது. வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரிந்தது. மூன்றாவது குவளையில் முதலில் அலுமினியம் உள்ள படிகாரக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, பிறகு இரும்பைச் சேர்த்தோம். நிறம் அங்கும் வந்தது, ஆனால் தாமதித்து வந்தது. அலுமினியத்தைப் பற்றிக் கேட்ட மாணவரே அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வினிகர் சேர்த்ததும் நிறம் போய்விட்டது. வெண்கருவும் நூல் நூலாகத் திரிந்து கலங்கியது. தெளிந்த மேற்பகுதியை வேறு குவளைக்கு மாற்றி, நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபோது இளஞ்சிவப்பு ஓரளவு திரும்பியது, பழைய அளவுக்கு இல்லை. கார்பனேட் கிடைத்ததால் திரும்பியதா, அமிலம் நீங்கியதால் திரும்பியதா என்பதை இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே இரண்டையும் பிரித்துக் காட்ட வழி இருந்தால் எழுதுங்கள்.